பஞ்சாலையின் முதல் அறை

"கேம் நல்லாத்தான் இருக்குது மாப்ள. ஆனா அந்த வாத்தியாரு பின்னாடியே நின்னுட்டுப் பெருமூச்சு விடறாரு பாரு, அதுதான் தாங்கல. பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரியே ஆயிப்போச்சு."

மாடிப்படியில் இறங்கிக்கொண்டே ஒரு கல்லூரி மாணவன் போனில் இப்படிச் சொன்னான். படி திரும்பும் இடத்தில் கையில் டீ பிளாஸ்க்கோடு மணவாளன் ஏறி வந்துகொண்டிருந்தார். மாணவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, "வரேனுங்க சார்" என்று ஓடிப்போனான்.

மணவாளன் அங்கேயே நின்று ஒரு பெருமூச்சு விட்டார். விட்ட பிறகுதான் தெரிந்தது, விட்டது பெருமூச்சு என்று. எரிச்சல் இன்னும் கூடியது.

பதின்மூன்று வருஷம் பொள்ளாச்சியில் கணக்கு வாத்தியார். கடைசி பெஞ்சுப் பிள்ளைக்குப் புரியும்வரை விடமாட்டார் என்று பெயர் வாங்கியவர். வீட்டில் எல்லாரும் தலையில் அடித்துக்கொள்ள, வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்கு வந்து வீடியோ கேம் வடிவமைக்கக் கற்றுக்கொள்கிறார். வந்து நாலு வருஷம் ஆகிறது. கற்றுக்கொடுப்பவள் பெனிட்டா, தூத்துக்குடிக்காரி. அவருக்கு நாற்பத்திரண்டு, அவளுக்கு முப்பத்தொன்று. பம்ப்செட் கடைக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் அவளை எல்லாரும் குரு என்று கூப்பிடுவார்கள். முதலில் கேலிக்குத்தான் தொடங்கியது. பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

மணவாளனின் கேம் ஒரு பஞ்சாலையைப் பற்றியது. மூடிப்போன ஆலைக்குள் ஒரு பெண் மாட்டிக்கொள்கிறாள், அறை அறையாகத் தாண்டி வெளியே வர வேண்டும். முதல் அறை நூற்புக் கூடம். எதிரே பிரமாண்டமான இரும்புக் கதவு, பூட்டியிருக்கும். உண்மையான வழி இடதுபக்கம், பஞ்சுப் பொதிகளுக்குப் பின்னால், பொதியைத் தள்ளி வெளியே அனுப்பும் சின்ன வாசல்.

ஆடிப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் நேரே இரும்புக் கதவுக்குப் போனார்கள். முட்டினார்கள், இடித்தார்கள், உதைத்தார்கள். பொதிப் பக்கம் ஒரு ஈ காக்காய் திரும்பவில்லை.

மணவாளன் ஒரு அம்புக்குறி வைத்தார். பிறகு இன்னொன்று. பிறகு சிவப்பு விளக்கு. "இடதுபக்கம் பார்" என்று சுவரில் எழுத்து. அதுவும் போதாமல், தன் சொந்தக் குரலிலேயே "இடதுபக்கம்... இடதுபக்கம்" என்று பதிவு செய்து சேர்த்தார்.

"இன்னொரு அம்பா சார்?" என்று கேட்டாள் படம் வரையும் நஸ்ரின். "ரூம்ல செவுரே தெரியல."

அடுத்த திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஒரு வெளியீட்டு நிறுவனத்தின் அதிகாரி வருகிறார். முன்பின் தெரியாத ஐந்து பேரை உட்கார வைத்து ஆடச் சொல்வார். ஆளுக்குப் பத்து நிமிஷம். மூன்று பேராவது யார் உதவியும் இல்லாமல் முதல் அறையைத் தாண்டினால் கேமை எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் நாலு வருஷ உழைப்பை மூட்டை கட்டிப் பரண்மேல் போட வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் பெனிட்டா கேமராப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பெனிட்டா, இப்படி நட்டாத்துல விட்டுட்டுப் போனா எப்படி?"

"ஒரு வாரம்தான சார். வருசத்துக்கு நாலு தடவ படம் எடுக்கப் போகலன்னா எனக்குக் கண்ணு அவிஞ்சிரும்."

"முதல் அறையை ஒருத்தரும் தாண்ட மாட்டேங்கறாங்க."

"அம்பு எத்தன இருக்கு?"

"பதினொண்ணு."

"பத்தலையோ?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்."

பெனிட்டா அவரை ஒரு கணம் பார்த்தாள். பையின் ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் மாட்டிக்கொண்டது. இன்னும் வேகமாக இழுத்தாள்.

"கேள்வி இருந்தா மெயில்ல போடுங்க சார். படம் எப்பவும்போல ஃபோல்டர்ல விழும்."

சொல்லால் பதில் சொல்வது அவளுக்கு ஆகாது. போன வருஷம், கேமின் ஒரு கட்டத்தில் எத்தனை எதிரிகள் இருக்கலாம் என்று மணவாளன் கேட்டார். ஒரு படத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்தாள். காலியான கல்யாண மண்டபம், ஒன்பது நாற்காலி, அவற்றுக்கு எதிரே தனியாகச் சாப்பிடும் ஒரு ஆள். அதை மேஜைமேல் ஒட்டி வைத்துக்கொண்டு இரண்டு மாதம் முழித்தார். மூன்றாம் மாதம் எதிரிகளை எல்லாம் எடுத்துவிட்டார். கேம் நன்றாகத்தான் ஆனது. ஆனால் வாயைத் திறந்து ஒரு வரி சொல்லியிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்குமே என்ற ஆற்றாமை அவருக்கு இன்னும் போகவில்லை.

பெனிட்டா ஒடிசாவுக்குப் போனாள், சிலிகா ஏரிக்கு. பிடித்த படம் கிடைத்தால் கேமராவிலேயே ஒரு பொத்தானை அமுக்குவாள். தங்குமிடத்தில் இணையம் கிடைத்ததும் அது அலுவலகக் கணினியின் ஃபோல்டருக்குத் தானாக வந்துவிடும்.

திங்கட்கிழமை மாலை மணவாளன் முதல் மெயில் போட்டார்: "எல்லாரும் இரும்புக் கதவுக்கே போகிறார்கள். எப்படித் தடுப்பது?"

செவ்வாய்க்கிழமை காலை ஃபோல்டரில் ஒரு படம் இருந்தது.

வெறும் பொட்டல். நடுவில் இரண்டு தூண், தூணுக்கு நடுவே ஒரு கேட்டு. கேட்டில் தேங்காய் அளவுக்குப் பூட்டு. ஆனால் இரண்டு பக்கமும் மதில் இல்லை, வேலி இல்லை, ஒரு கயிறுகூட இல்லை. ஒற்றையடிப் பாதை ஒன்று கேட்டுவரை வந்து, தூணைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் போனது.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் மணவாளன்.

"மதில் கட்டறதுக்குள்ள கான்ட்ராக்டர் ஓடிட்டாரு போல" என்றாள் நஸ்ரின்.

"தமாசு பண்ணாதம்மா. திங்கக்கிழமைக்கு இன்னும் ஆறே நாள்."

மத்தியானம் அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் தயிர்சாதம் சாப்பிட்டார். இதைப் புரிந்துகொள்ளவா எம்.எஸ்ஸி. கணக்குப் படித்தேன் என்று ஊறுகாயிடம் கேட்டார். நாலு மணிக்கு மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். நஸ்ரினின் பேனா கீழே விழுந்தது.

"பூட்டு போட்டது நான்தான் நஸ்ரின்!"

"எதுக்கு சார்?"

"ஊரிலேயே பெரிய கதவை எதிர்ல வெச்சு, அதுமேல வெளிச்சம் அடிச்சு, பூட்டும் போட்டுட்டு, ஏன்டா அங்க போறேன்னு கத்தினா? கல்யாணப் பந்தல் போட்டு வெச்சா வர்றவன் வரத்தான செய்வான். எடுத்துடு."

"எதை?"

"கதவை."

"அதை வரைய மூணு வாரம் ஆச்சு சார்."

"தெரியும்மா."

நஸ்ரின் அவரைப் பார்க்காமல் கதவை எடுத்தாள். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

புதன்கிழமை கீழ்க்கடையிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டு ஆட வைத்தார். இப்போது கதவுக்குப் போகவில்லை. கூடத்தின் நடுவில் நின்று செக்குமாடு மாதிரி சுற்றினார்கள். மணவாளன் இரண்டாம் மெயில் போட்டார்: "நடுவில் நின்று சுற்றுகிறார்கள். அம்புக்குறியை எந்த இடத்தில் வைப்பது? தயவுசெய்து இடத்தை மட்டும் சொல்லவும்."

வியாழக்கிழமை காலையில் வந்த படத்தில் ஒரு நாய் இருந்தது.

கொளுத்தும் வெயில், தார்ச்சாலை, ஒரே ஒரு விளக்குக் கம்பம். கம்பத்தின் நிழல் ஒரு சாண் அகலத்துக்குத் தரையில் விழுந்திருந்தது. அந்த ஒரு சாண் நிழலுக்குள் மூக்கு முதல் வால் வரை கச்சிதமாக அடங்கி நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

"கேட்டது அம்பு, வந்தது நாய்" என்றார் மணவாளன். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கொஞ்ச நேரம் வெளியே போகாவிட்டால் கணினியை உடைத்துவிடுவோம் என்று பயமாக இருந்தது.

தெருவில் வெயில் மண்டையைப் பிளந்தது. மனதுக்குள் பெனிட்டாவைத் திட்டிக்கொண்டே நடந்தார். தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார். அலுவலகம் இருக்கும் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு வந்திருந்தார். எப்போது சாலையைத் தாண்டினோம் என்பது அவருக்கு நினைவில்லை. எதிர்ப்பக்கம் முழுக்கக் கட்டட நிழல்.

அப்படியே திரும்பி ஓடினார்.

"நஸ்ரின், கூடத்துல இருக்கற எல்லா விளக்கையும் அணை."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். பொதிக்குப் பின்னால இருந்து மட்டும் ஒரு வெளிச்சம், தரையில சாய்ஞ்சு விழணும். அதுல பஞ்சுத் தூசி பறக்கணும். அம்பெல்லாம் எடுத்துடு."

"பதினொண்ணுமா சார்?" நஸ்ரின் நாற்காலியோடு சுழன்று திரும்பினாள். கதவு போன நாளிலிருந்து அவள் முகத்தில் காணாத சிரிப்பு.

ஆனால் குரலை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதைச் சுருக்கி, "வெளிச்சம் வரும் பக்கம் போ" என்று ஒரே ஒரு வரியாக்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் மெயில் போட்டார்: "எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஒரே ஒரு வரி மட்டும் வைத்துக்கொள்ளலாமா? கெஞ்சிக் கேட்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை வந்த படம் முழுக் கறுப்பு.

மணவாளன் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தார். திரையின் வயர் கழன்றிருக்கிறதா என்று மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். மூலைக்கு மூலை தேடினார். ஒரு புள்ளிகூட இல்லை.

"சரி சரி, அதுக்குன்னு இப்படிக் கத்த வேண்டாம்" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். வரியை அழித்தார்.

சனிக்கிழமை அக்கம்பக்கத்திலிருந்து ஐந்து பேர் வந்து ஆடினார்கள். நாலு பேர் பொதிக்குப் பின்னால் புகுந்து வெளியே போய்விட்டார்கள். ஐந்தாமவரும் போயிருப்பார், வீட்டில் பால் பொங்குகிறது என்று பாதியில் எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெனிட்டா ரயிலிலிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்தாள். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. மணவாளன் எழுந்து நின்று கை கூப்பினார்.

"குருவே!"

"என்ன சார், கேலியா?"

"நாலு பேர் தாண்டிட்டாங்க. உங்க மூணு பதிலும் மூணு மந்திரம்."

"எந்தப் பதிலு?"

"மெயிலுக்கு அனுப்பின பதில்."

"மெயிலா? முதல் நாளே போனு ஏரிக்குள்ள விழுந்துட்டு சார். படகுல குனிஞ்சேன், சட்டப்பைல இருந்து குதிச்சிட்டு. ஒரு வாரமா நான் எதையுமே பாக்கல."

மணவாளன் கையை இறக்கினார்.

"அந்த கேட்டு?"

"நல்லாருந்துச்சு, எடுத்தேன்."

"நாய்?"

"பாவமா இருந்துச்சு."

"அந்தக் கறுப்பு?"

"எந்தக் கறுப்பு?" அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். பெனிட்டா குனிந்து பார்த்தாள். "ஐயே, இதையும் கேமரா அனுப்பிட்டா? பைக்குள்ள கிடந்து எது எது அமுங்குச்சோ. இந்தக் கேமராவ முதல்ல தூக்கிப் போடணும்."

மணவாளன் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். அலுவலகத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"அப்ப யாருமே சொல்லாமத்தான் கதவை எடுத்தனா? மூணு வாரம் வரைஞ்ச கதவு! அந்தப் பொண்ணு என்கூட ஒரு நாள் பேசல! பைக்குள்ள அமுங்கின பொத்தானை நம்பி என் குரலை அழிச்சேன்!"

"சத்தம் போடாதீங்க சார், கீழ கடைல நெனைப்பாங்க."

"நாளைக்கு அவங்க வராங்க பெனிட்டா. அம்பைத் திரும்ப வெச்சிடறேன். பாதியாவது."

"நாலு பேரு தாண்டிட்டாங்கன்னு இப்பதான சொன்னீங்க?"

"அது நீங்க சொன்னீங்கன்னு நினைச்சப்போ!"

பெனிட்டா பையைத் தோளிலிருந்து எடுத்துத் தொப்பென்று மேஜைமேல் வைத்தாள். "கடவுளே" என்று மேலே பார்த்துச் சொன்னாள்.

"சரி, இப்பவாவது வாயைத் திறந்து ஒண்ணு சொல்லுங்க" என்றார் மணவாளன். "படம் வேண்டாம். நீங்க சொல்லலன்னா, பிறகு யார் எனக்குச் சொன்னது?"

"எனக்கென்ன சார் தெரியும்? நான் ஊர்லயே இல்லையே."

சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

மணவாளன் அம்புக்குறிகள் இருக்கும் கோப்பைத் திறந்தார். மத்தியானம்வரை அதன்முன் உட்கார்ந்திருந்தார். ஒரு அம்பை எடுத்துக் கூடத்தில் வைத்தார். எடுத்தார். வேறு இடத்தில் வைத்தார். மறுபடி எடுத்தார். கடைசியில் கோப்பை மூடிவிட்டுச் சாப்பிடப் போனார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு சென்னை அதிகாரி தாட்சாயணி வந்தார். நெற்றியில் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தார், ஒரு நிமிஷத்தையும் வீணாக்காத ஆள்.

"ரூல் தெரியும்ல? ஆடறவங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா அந்த ஆட்டம் கணக்குல வராது."

முதல் ஆள் தாண்டினார். இரண்டாவது ஆள் பத்து நிமிஷமும் நூற்பு இயந்திரத்தை ஆராய்ந்துகொண்டே இருந்தார். மூன்றாவது பெண் தாண்டினாள். நாலாவது ஆள் கூடத்தின் சுவரெல்லாம் தடவித் தடவி, பொதிக்கு ஒரு அடி இருக்கும்போது நேரம் முடிந்தது. ஐந்தாவது ஆள் வரவேயில்லை, போனையும் எடுக்கவில்லை.

"எனக்கு ரெண்டு மணிக்கு ரயில்" என்றார் தாட்சாயணி. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "ஸ்டேஷன்ல இருந்து கூட்டிட்டு வந்த டிரைவர் கீழதான இருக்கார். அவரைக் கூப்பிடுங்க."

முனிராஜ் என்ற அந்த ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். ஆட்டக் கருவியை ஸ்டீயரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்தார். "இதுல பிரேக்கு எங்கீங்க?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

கூடத்தின் நடுவில் நின்று சுற்றினார். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். வெளிச்சத்தின் பக்கம் நாலு அடி வைத்தார். நின்றார். திரும்பிவிட்டார். மறுபடி வெளிச்சம், மறுபடி நாலு அடி, மறுபடி திரும்பல். ஐந்து நிமிஷம்.

மணவாளன் மூலையில் சுவரோடு சுவராக நின்றார். தன் மூச்சுச் சத்தம் தனக்கே கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்திருந்தார். ஆனால் பக்கத்தில் "ச்சே" என்று ஒரு சத்தம். பெனிட்டா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றாள். நகத்தைக் கடித்தாள். முனிராஜ் ஐந்தாம் முறை வெளிச்சத்தில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார். பெனிட்டா முன்னால் சாய்ந்து வாயைத் திறந்தாள்.

"அண்—"

முழுச் சொல்லும் வருவதற்குள் மணவாளன் பலமாக இருமினார். தாட்சாயணி கண்ணாடியை இறக்கி இருவரையும் முறைத்தார். பெனிட்டாவின் தோள்பை வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு மணவாளன் வெளியே வந்தார். கதவைச் சாத்தினார்.

"விடுங்க சார்! அந்த மனுசன் அஞ்சு தடவ பக்கத்துல போயிட்டுத் திரும்புதாரு. ஒரே ஒரு வார்த்த சொன்னா—"

"ஒரு வரி மட்டும் வெச்சுக்கலாமான்னு நானும் கேட்டேன். என்ன பதில் வந்துச்சு?"

"அது பதிலே இல்ல சார்!"

"மெதுவாப் பேசுங்க."

பெனிட்டா மேல்படியில் உட்கார்ந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். "எட்டிப் பாப்போமா?" என்றாள். மணவாளன் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. கீழே பம்ப்செட் கடையில் யாரோ இரும்புக் குழாயை உருட்டினார்கள்.

கதவு திறந்தது. முனிராஜ் தலையை நீட்டினார். நெற்றியெல்லாம் வேர்வை.

"ஏனுங்க சார், இதைச் செஞ்சது நீங்கதானுங்களா? பஞ்சு மூட்டைக்குப் பின்னால பூந்து வெளிய போயிட்டனுங்க. அங்க ஒரு கெணறு வருதுங்க. அதுல எறங்கோணுமுங்களா, தாண்டோணுமுங்களா?"

"மூணாவது ஆளு சார், பத்து நிமிசம் ஆகல!" என்று பெனிட்டா படியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

மணவாளன் வாயைத் திறந்தார். மூடினார். முனிராஜ் உள்ளே திரும்பிப் போக வசதியாகக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.